பள்ளிக்கூடத்தில் தசை மின்சாரத்தைக் காட்டப் போகிறவர்களுக்கு

நரம்புப் பொறியியல் ஆய்வகத்திலிருந்து பள்ளிகளுக்குப் போகிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு முதல் நாளே மூளை அலையைக் காட்டிவிட வேண்டும் என்று ஆசை. வேண்டாம். தலையின் மேல்தோலில் கிடைக்கும் மூளை அலை 10 முதல் 100 மைக்ரோவோல்ட்தான், பையன் கண்ணைச் சிமிட்டினாலே அது அமுங்கிப்போகும். போதாததற்கு வேலூரை அடுத்த அணைக்கட்டு, ஒடுகத்தூர் ஊர்கள் பக்கம் பாதிப் பேர் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டுதான் வருவார்கள், மின் அலையை எடுக்கும் ஸ்டிக்கர் எங்கே ஒட்டும்? தசை இயங்கும்போது அதில் உண்டாகும் மின்சாரத்தில் தொடங்குங்கள். முஷ்டியை மடக்கினால் லேப்டாப் திரையில் கோடு எகிறும், விட்டால் அடங்கும். ஆறாம் வகுப்புக்கும் அது புரியும்.

தேவையானவை கொஞ்சம்தான். தசையின் மின்சாரத்தைப் பெருக்கித் தரும் தசை சென்சார் போர்டு ஒன்று, அதை அளந்து லேப்டாப்புக்கு அனுப்பும் ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன சர்க்யூட் போர்டு ஒன்று, நல்ல பேட்டரி உள்ள லேப்டாப், ஸ்பிரிட், பஞ்சு. ஈசிஜி ஸ்டிக்கரை ஆன்லைனில் தேட வேண்டாம், வேலூர் சிஎம்சி மருத்துவமனை எதிரே உள்ள சர்ஜிக்கல் கடைகளில் கேட்டாலே கிடைக்கும். கூடுதலாகவே வாங்குங்கள், வேலூர் வெயிலில் வியர்த்துக் கழன்று விழுந்துகொண்டே இருக்கும்.

முழங்கைக்குக் கீழே உட்பக்கம், முஷ்டி மடக்கும்போது புடைக்கிற இடத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். அங்கே ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, தசை ஓடும் திசையிலேயே இரண்டு ஸ்டிக்கர், நடுவுக்கு நடு 2 செ.மீ. மூன்றாவது, ஒப்பீட்டுக்கானது, முழங்கை எலும்பின் மேல். காயவிடாமல் ஒட்டினால் பத்து நிமிடம் தாங்காது.

லேப்டாப் சார்ஜரைக் கண்டிப்பாகக் கழற்றிவிடுங்கள். பிள்ளையின் உடம்போடு வயர் இணைந்திருக்கும்போது 230 வோல்ட் லைனோடு எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. புரொஜெக்டரும் கூடாது, அதுவும் பிளக்கில்தானே இருக்கிறது! பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பெரிய திரைக்கு ஆசைப்படாமல் ஆறு ஆறு பேராக லேப்டாப்பைச் சுற்றி நிற்க வையுங்கள். அப்புறமும் யாரும் அசையாமல் இருக்கும்போதே கோடு தடித்து நடுங்கினால் அது தசை இல்லை, சுவரிலும் டியூப்லைட்டிலும் ஓடுகிற 50 ஹெர்ட்ஸ் கரண்ட். மேசையைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள், வயர்களை ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள், மூன்றாவது ஸ்டிக்கரை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் கழன்றிருக்கும்.

சீரியல் வேகத்தையும், அதாவது ஆர்டுயினோ லேப்டாப்புக்கு டேட்டா அனுப்பும் வேகத்தையும் பாருங்கள். தசை அலை சுமார் 20 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை இருக்கும், அதனால் நொடிக்கு 1000 அளவீடாவது வேண்டும். 9600 பாட் (அந்த வேகத்தின் அலகு) வைத்தால் நொடிக்கு 200 அளவீடு தாண்டுவதே கஷ்டம். 115200 வையுங்கள்.

பஞ்சா போட்டி கட்டாயம் கேட்பார்கள். சரி, வையுங்கள், ஆனால் கோடு உயரமாக வந்தவன்தான் பலசாலி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தோலுக்கடியில் கொழுப்பு கூடினால் கோடு குறையும், ஸ்டிக்கர் கொஞ்சம் தள்ளிப்போனாலும் குறையும். ஒல்லிப் பையன் ஜெயித்து வகுப்பே கத்தும்போது இதைச் சொன்னால் மனதில் நிற்கும்.

எதற்கு இதெல்லாம் என்று கேட்டால் ரோபோ வீடியோவைத் தேடாமல் ஊர்க் கதையைச் சொல்லுங்கள். தொழுநோயில் நரம்பு செத்து விரல் மடங்கிப்போனவர்களுக்கு, 1940களின் இறுதியில் சிஎம்சியில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் வேறொரு நல்ல தசையின் தசைநாணை விரலுக்குத் திருப்பிக் கட்டினார். இருக்கிற தசைக்குப் புது வேலை. இன்றைய மின் செயற்கைக் கையும் மிச்சமிருக்கிற தசையின் மின்சாரத்தைத்தான் படிக்கிறது. மனதில் நினைப்பதைப் படிக்க முடியுமா என்றும் ஒருத்தி கேட்பாள். 2004இல் அமெரிக்காவில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஒருவரின் மூளையில் 96 மின்முனைகள் கொண்ட சின்னச் சில்லைப் பொருத்தி, கையை அசைப்பதாக நினைத்தே கர்சரை நகர்த்த வைத்தார்கள், ஆனால் ரகசியத்தைப் படிக்கவில்லை என்று சொல்லுங்கள்.

இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு ஒட்ட வேண்டாம், ஆசிரியர் ஆசைப்பட்டாலும் அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஒட்டுங்கள். தசைக்கு ஷாக் கொடுக்கும் கருவியைப் பையிலேயே வைக்காதீர்கள். தலைமையாசிரியர் அனுமதி முன்பே வேண்டும். போனதே போனோம், அப்படியே ஆய்வுக்கு டேட்டாவும் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வரும். கூடாது. அதற்கு நெறிமுறைக் குழு ஒப்புதல், பெற்றோர் கையெழுத்து, பிள்ளையின் சம்மதம் எல்லாம் தனியாக வேண்டும், அது வேறு நாள். கிளம்பும்போது ஸ்டிக்கரை ஈரத்துணி வைத்து மெதுவாக எடுங்கள், கோட்டுப் பதிவைப் பென்டிரைவில் போட்டு அறிவியல் ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் போர்டையும்.