ஏபிஎஸ் விளக்கு எரியுதா? சென்சாரைக் கழற்றாதீங்க, கொஞ்சம் பொறுங்க

வேலை பழகுகிறவர்கள் டேஷ்போர்டில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கைக் கண்டதும், சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரை மாற்ற நேராக வீலைக் கழற்றப் போகிறார்கள். ஃபியூஸ் பார், பேட்டரி டெர்மினலை இறுக்கு என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதற்குப் பிறகு செய்கிற தவறுகளில்தான் காசு போகிறது.

விளக்கு எப்போது எரிகிறது என்று கவனிக்காதது

சாவி போட்டதும் விளக்கு இரண்டு மூன்று நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் முதலில் ஸ்கேனரில் பிழைக் கோடை (code) படித்துக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு அழியுங்கள். வண்டியை நகர்த்தாமல் மறுபடி சாவி போடுங்கள். அப்போதே விளக்கு அணையாமல் நின்று, அதே கோடும் திரும்ப வந்தால் பெரும்பாலும் ஒயர் அறுந்திருக்கும், ஷார்ட் ஆகியிருக்கும், அல்லது மாட்யூலுக்கு (ஏபிஎஸ்ஸை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி) மின்சாரம் போகவில்லை. நிற்கும்போது அணைந்திருந்து, வண்டி 10, 20 கிலோமீட்டர் வேகம் பிடித்ததும் எரிந்தால் கதை வேறு. பெரும்பாலும் சென்சாரின் மின்சுற்றில் குறை இருக்காது. சக்கரம் சுற்றுகிற சிக்னல்தான் வரவில்லை. இந்த ஒரு வித்தியாசம் தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரியும்போது ஓட்டுவது

ஓட்டாதீர்கள். பிரேக் ஆயில் மட்டத்தை முதலில் பாருங்கள்.

வீல் பேரிங்கைத் திருப்பிப் போடுவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இது. வண்டி பேரிங் சத்தத்துக்காக வந்திருக்கும். புது பேரிங் போட்டு, சத்தம் நின்று, தெருமுனை தாண்டுவதற்குள் ஏபிஎஸ் விளக்கு எரியும். ஸ்கேனர் அந்தச் சக்கரத்தின் சென்சாரைக் காட்டும். உடனே புது சென்சார். விளக்கு அணையாது. அடுத்து ஒயரிங்கைப் பிரிப்பார்கள். கடைசியில் மாட்யூலின் மேல் பழி விழும். இத்தனைக்கும் நேற்றுவரை அந்தச் சென்சார் ஒழுங்காகத்தான் வேலை செய்தது, நடுவில் கை வைத்தது பேரிங்கில் மட்டும்.

சக்கரத்தோடு சுற்றி சென்சாருக்கு சிக்னல் தருவது பல் வளையம். பல வண்டிகளில் இப்போது அது தனியாகக் கிடையாது. பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே காந்த வளையம் இருக்கும். வடக்கு, தெற்கு என்று மாறி மாறிக் காந்தமேற்றிய பட்டைகள் அதில் உண்டு; கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்தபடி இருக்க வேண்டும், பெரும்பாலான வண்டிகளில் அது உட்பக்கம். திருப்பி அடித்தாலும் பேரிங் கச்சிதமாக உட்காரும், சத்தமில்லாமல் சுற்றும், சர்க்கிளிப்பும் (பேரிங்கைப் பூட்டும் வளையம்) விழும். சென்சாருக்கு எதிரே மட்டும் வெறும் சீல் நிற்கும்.

பிரஸ்ஸில் வைப்பதற்கு முன் அரை நிமிடம் போதும். காந்தம் காட்டும் அட்டையை இரண்டு சீலிலும் வைத்தால் ஒரு பக்கம் கோடுகோடாகத் தெரியும். எந்தப் பக்கமும் தெரியாவிட்டால், காந்த வளையமே இல்லாத பேரிங்கைக் கொடுத்திருக்கிறார்கள். அளவு ஒன்றாக இருந்தாலும் உதவாது. அட்டை இல்லாதபோது காந்த ஸ்டிக்கை வைத்துச் சோதிக்கிற வழக்கம் ஒன்று உண்டு. அது வேண்டவே வேண்டாம், வலுவான காந்தம் பட்டால் பட்டைகள் கெட்டுப்போகும். நக்கிளுக்குள் (பேரிங் உட்காரும் கூடு) ஏற்றும்போது அழுத்தம் வெளி ரேஸில் (பேரிங்கின் வெளி வளையம்) மட்டும் விழ வேண்டும். சீலில் விழுந்தால் வளையம் நசுங்கும்.

திருப்பிப் போட்டதைக் கழற்றித் திருத்தலாமே என்றால், அதற்கும் வழியில்லை. ஹப்பை (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) வெளியே தள்ளும்போது விசை உருளைகள் வழியாகப் போய் ரேஸில் தழும்பு விழுந்துவிடும். அந்தப் பேரிங்கை மறுபடி போட்டால் சீக்கிரமே சத்தம் வரும். ஆக, இரண்டாவது பேரிங், இரண்டாவது முறை பிரஸ் வேலை, தேவையில்லாமல் வாங்கிய சென்சார்.

எல்லாச் சென்சாரிலும் ஓம் பார்ப்பது

கம்பிச்சுருள் உள்ள பழைய காயில் வகை சென்சாருக்கு ஓம் (மின்தடை) பார்ப்பது சரி. பொதுவாக 800 முதல் 2500 வரை காட்டும். சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஏசி மின்னழுத்தமும் வரும். இப்போதைய ஆக்டிவ் சென்சாரிலும் ஒயர் இரண்டுதான், ஆனால் உள்ளே எலக்ட்ரானிக்ஸ். அதில் ஓம் எண்ணுக்கு அர்த்தமில்லை, மீட்டரே அதைக் கெடுக்கவும் கூடும். கப்ளரை (ஒயர் இணைப்பு) கழற்றிவிட்டு, சாவி போட்ட நிலையில் மாட்யூலிலிருந்து மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். மாட்டிய பிறகு சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால் மின்னோட்டம் சுமார் 7, 14 மில்லி ஆம்பியர் என்று மாறி மாறி வர வேண்டும்.

ஒயரில் ஊசி குத்திப் பார்ப்பது

அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும், செம்பு பச்சை பூக்கும். கப்ளரின் பின்பக்கம் வழியாகப் பாருங்கள்.

விளக்கு எரியவில்லை, அதனால் ஏபிஎஸ்ஸில் குறை இல்லை என்பது

நிற்கப் போகும் கடைசி சில மீட்டரில், காய்ந்த சாலையில், பெடல் கடகடவென்று துடிக்கிறதா? ஆக்சிலில் இருக்கும் பல் வளையத்தின் அடியில் துரு ஊதி வளையம் வெடித்திருக்கலாம். சென்சார் உட்காரும் இடத்தில் துரு ஏறி, சென்சாரைத் தூக்கியிருக்கவும் கூடும். காயில் வகையில் இடைவெளி கூடினால் குறைந்த வேகத்தில் சிக்னல் முதலில் சாகும். மாட்யூல் அந்தச் சக்கரம் பூட்டிக்கொண்டது என்று எண்ணி பிரஷரை விடும். கோடே பதிவாகாமல் இது நடக்கும். ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் கிராஃபில் போட்டு, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, 30 கிலோமீட்டரிலிருந்து மெல்ல நிறுத்துங்கள். மற்ற மூன்றும் சேர்ந்து இறங்கும்போது ஒன்று மட்டும் முன்னதாகப் பூஜ்யத்தில் விழும்.

வேலை முடிந்ததும் விளக்கு அணையவில்லை என்று மறுபடி பிரிப்பது

பல வண்டிகளில் மாட்யூல் நான்கு சக்கர வேகத்தையும் ஓட்டத்தில் பார்த்த பிறகுதான் விளக்கை அணைக்கும். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள்.