'ஓலக்கம்' என்று எழுதும்போது சறுக்கும் இடங்கள்

அரசன் அரியணையில் அமர்ந்திருக்கிறான். இருபுறமும் கவரி வீசுகிறார்கள். அமைச்சர், சிற்றரசர், புலவர், திறை கொண்டுவந்தவர் எல்லாரும் அவரவர் இடத்தில் நிற்கிறார்கள். இந்தக் காட்சி முழுவதையும் ஒரே சொல்லில் அடக்கலாம்: ஓலக்கம். சரித்திரக் கதை எழுதுகிறவர்கள் சிலர் இந்தச் சொல்லை மறுபடி கையில் எடுப்பது எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. அதனாலேயே அது தப்பாக விழும் இடங்களைப் பார்த்தால் மனம் கேட்பதில்லை.

"சோழன் புதிதாக ஓர் ஓலக்கம் கட்டினான்" என்று எழுதாதீர்கள். கட்டியது மண்டபம். அதை ஓலக்க மண்டபம் என்றோ அத்தாணி மண்டபம் என்றோ சொல்லலாம். ஓலக்கம் என்பது அரசன் கொலுவீற்றிருக்கும் நிலை. அவன் எழுந்து உள்ளே போனால் மண்டபம் அங்கேயேதான் நிற்கும், ஓலக்கம் கலைந்துவிடும். 'ஓலக்கம் இருந்தான்' என்பது நல்ல வழக்கு. நவராத்திரிக்கு வீட்டில் கொலு வைக்கிறோமே, அங்கேயும் அடுக்கிய படிகளுக்கா கொலு என்று பெயர்? அம்பாள் வீற்றிருப்பதற்குத்தானே!

அதைவிடப் பெரிய தவறு, ரகசிய ஆலோசனையை ஓலக்கத்தில் நடத்துவது. ஓலக்கம் பலர் காண இருக்கும் இருப்பு. சூழ்ச்சி, மந்திராலோசனை எல்லாம் தனியிடத்துக் காரியம். கம்பர் இந்த வேறுபாட்டை அழகாகக் காட்டுகிறார். அயோத்தியா காண்டத்து மந்திரப் படலத்தில் தசரதன் முரசு முழங்க, கவரி வீச, ஆலோசனை மண்டபத்துக்கு வருகிறான். வந்ததும் முதலில் என்ன செய்கிறான்? "நிருபரும் பொருவில் சுற்றமும் பக்கமும் பெயர்க" என்று அரசர், உறவினர், பக்கத்தில் இருப்பவர் எல்லாரையும் பரிவோடு வெளியே அனுப்பித் தனியாகிறான். அதன் பிறகே மந்திரக் கிழவர்களை, அதாவது ஆலோசனை சொல்லும் அமைச்சர்களை, அழைக்கிறான். இராமனுக்கு முடிசூட்டும் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் கதையில் ஒற்றன் மன்னன் காதில் சேதி சொல்ல வேண்டுமா? ஓலக்கத்தைக் கலைத்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

ஊர்ச்சபையையும் ஓலக்கம் என்று சொல்ல முடியாது. உத்திரமேரூரில் குடவோலை இட்டு வாரியத்துக்கு, அதாவது ஊர் நிர்வாகக் குழுவுக்கு, ஆள் எடுத்தவர்கள் கூடியது சபை. அங்கே வீற்றிருக்க அரசன் இல்லை.

ஓசையை வைத்து ஓலம், ஓலை என்று வேர் தேடுவதும் நடக்கிறது. அழுகைக்கும் ஏட்டுக்கும் இங்கே வேலையில்லை. பக்கத்திலேயே உறவுச் சொல் இருக்கிறது: கன்னடத்தில் 'ஓலக' என்றால் அரசவை. கர்நாடகத்துக் கூத்தான யக்ஷகானத்தில் பாத்திரங்கள் கோலாகலமாக அரங்கேறும் பகுதியை இன்றும் 'ஒட்டோலக' என்கிறார்கள்.

அப்புறம் எழுத்துப்பிழை. 'ஒலக்கம்' தவறு, முதலெழுத்து நெடில். பழைய ஏடுகளில் ஒகர ஓகாரத்துக்கு வேறுபாடு காட்டாததால், படி எடுக்கிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். 'திரு' சேர்ந்தால் வகர உடம்படுமெய் வரும்: திருவோலக்கம். பெருமாள் மண்டபத்தில் அடியார் சூழ எழுந்தருளியிருப்பதைக் கோயில்களில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். விழாப் பத்திரிகை அச்சுக்குப் போகுமுன் அந்த ஒரு சொல்லை மட்டும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.