இண்டி ரெஸ்லிங்கில் வயிறு நிறையுமா? கணக்கில் செய்யும் தவறுகள்

சம்பளம் எவ்வளவு என்று கேட்டால், "ஒரு ஹாட் டாக், ஒரு கைகுலுக்கல்" என்று அமெரிக்க இண்டி ரெஸ்லர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். ரொம்பப் பழைய கேலி இது. இன்றைக்கு நிலைமை அதைவிடத் தேவலை என்றாலும், புதிதாக வருபவர்களுக்கு இந்தக் கேலி இன்னும் பொருந்தத்தான் செய்கிறது.

இண்டி என்றால் யார்? டபிள்யூ டபிள்யூ ஈ, ஏ ஈ டபிள்யூ மாதிரியான தொலைக்காட்சி நிறுவனங்களோடு ஒப்பந்தம் இல்லாமல், வார இறுதியில் ஊர் ஊராகப் போய் பள்ளி ஜிம்மிலும் சமூகக் கூடத்திலும் மேட்ச் ஆடுபவர்கள். மாதச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு மேட்சுக்கும் அந்தந்த ப்ரொமோட்டரோடு, அதாவது நிகழ்ச்சியை நடத்துபவரோடு, தனியாகப் பேசி, தனியாகக் காசு வாங்க வேண்டும்.

இதில் பிழைக்க முடியுமா? சிலரால் முடிகிறது. ஆனால் ரிங்கில் வாங்கும் காசை மட்டும் நம்பிப் பிழைப்பவர்கள் மிகவும் அபூர்வம். நல்ல திறமைசாலிகள்கூட நொடித்துப் போவதைப் பார்த்தால், அவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் கணக்கு நோட்டாகவே இருக்கிறது.

மேட்ச் காசை வருமானம் என்று நினைப்பது

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். ஒருவருக்கு ஒரு மேட்சுக்கு 100 டாலர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆரம்பநிலை ஆளுக்கு இது மோசமில்லாத தொகை. நிகழ்ச்சிகள் பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறில்தான் நடக்கும். வாரத்துக்கு இரண்டு மேட்ச், வருடத்தின் 52 வாரமும் ஒன்றுகூடத் தவறாமல் கிடைத்தாலும் மொத்தம் 104 மேட்ச், 10,400 டாலர். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். அந்தக் கூலிக்கு ஒருவர் வருடம் முழுக்க, வாரம் 40 மணி நேரம் வேலை செய்தால் 15,080 டாலர் வரும். அதாவது காயம், காய்ச்சல், ரத்து எதுவுமே இல்லாத கற்பனை வருடத்தில்கூட ரெஸ்லர் அந்தக் கூலியைத் தொடவில்லை.

இதுவும் செலவைக் கழிப்பதற்கு முன்னால். போக 250 மைல், வர 250 மைல் என்று ஒரு நிகழ்ச்சிக்குக் கார் ஓட்டிப் போகிறார். பெட்ரோல் காசை மட்டும் பார்த்துவிட்டு "பரவாயில்லை, கையில் கொஞ்சம் மிச்சம்" என்று நினைத்துக்கொள்வார். டயர் தேய்வது, ஆயில் மாற்றுவது, காரின் விலை இறங்குவது எதுவும் அன்றைக்குக் கண்ணில் படாது. அமெரிக்க வருமான வரித்துறை தொழில் பயணத்துக்கு 2025இல் வைத்த கணக்கு மைலுக்கு 70 சென்ட். 500 மைலுக்கு 350 டாலர். நூறு டாலர் வாங்கப் போனவர் உண்மையில் 250 டாலரைப் பாதையில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்!

அதனால்தான் நாலு பேர் ஒரே காரில் அடைத்துக்கொண்டு போகிறார்கள். செலவு நாலில் ஒன்றாகிறது. அப்புறம், அந்தக் கார்ப் பயணத்துக்கு இன்னொரு பலனும் உண்டு: மூத்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அன்றைய மேட்சில் எங்கே கூட்டம் கைவிட்டது என்பதை வீடு வரும்வரை பிரித்துப் பிரித்துச் சொல்வார். பயிற்சிப் பள்ளியில் காசு கட்டினாலும் கிடைக்காத பாடம் அது.

மேஜையை மறப்பது

நிகழ்ச்சி நடக்கும் கூடத்தின் ஓரத்தில் வரிசையாக மேஜைகள் இருக்கும். டி-ஷர்ட், கையெழுத்துப் போட்ட புகைப்படம், ஸ்டிக்கர் எல்லாம் அங்கே விற்பார்கள். ரெஸ்லர்கள் இதை 'கிமிக் டேபிள்' என்பார்கள். பல இண்டி ரெஸ்லர்களுக்கு உண்மையான சம்பளம் வருவது அங்கிருந்துதான். ரிங்கில் நடப்பதை அந்த மேஜைக்கான விளம்பரம் என்றே சொல்லலாம். கேட்கக் கொஞ்சம் கசப்பாக இருக்கும், ஆனாலும் கணக்கு அப்படித்தான் ஓடுகிறது.

அச்சடிக்க 10 டாலர் ஆகும் ஒரு சட்டையை 25 டாலருக்கு விற்றால், ஏழு சட்டையில் 105 டாலர் நிற்கிறது. ஒரு மேட்ச் காசு அது. மேட்ச் முடிந்ததும் களைப்பில் உடை மாற்றும் அறையில் படுத்துவிடுபவர் அந்தக் காசைத் தவறவிடுகிறார். இடைவேளையில் மேஜைக்குப் பின்னால் நின்று, தோற்றுப்போன முகத்தோடே ஒரு சிறுவனோடு படம் எடுத்துக்கொள்பவர் அதைச் சம்பாதிக்கிறார்.

இதிலும் சறுக்க வழி உண்டு. முதல் டிசைனையே 200 சட்டை அடித்துவிட்டு, எக்ஸ்ட்ரா லார்ஜ் மட்டும் தீர்ந்து ஸ்மால் எல்லாம் கட்டிலுக்கு அடியில் கிடப்பது பழைய கதை. சிகாகோவின் ப்ரோ ரெஸ்லிங் டீஸ் போன்ற தளங்கள் ஆர்டர் வந்த பிறகே அச்சடித்து அனுப்புவதால் முதலீடு தேவையில்லை, ஆனால் ஒரு சட்டைக்குக் கையில் நிற்பது குறைவு. எந்த டிசைன் ஓடுகிறது என்று அங்கே பார்த்துவிட்டு, ஓடுவதை மட்டும் சொந்தமாக அடித்து மேஜைக்குக் கொண்டுபோவது என் கணக்கில் புத்திசாலித்தனம்.

யங் பக்ஸ் என்று பெயர் எடுத்த மேட், நிக் ஜாக்சன் சகோதரர்கள் இந்த மேஜை வித்தையை எங்கேயோ கொண்டுபோனவர்கள். ஜப்பான் சுற்றுப்பயணங்களும் இருந்தன, ஆனால் சட்டை வியாபாரம்தான் பேச்சாக இருந்தது. 2017இல் அவர்களுடைய சட்டைகள் ஹாட் டாபிக் என்ற சங்கிலிக் கடைகளுக்குள்ளேயே போய்விட்டன. அதே வருடம், அவர்கள் பயன்படுத்திவந்த ஒரு கை முத்திரைக்காக டபிள்யூ டபிள்யூ ஈ வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. அந்த நோட்டீஸை வைத்தே ஒரு சட்டை போட்டு விற்றார்கள் அண்ணனும் தம்பியும். அடுத்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி, டபிள்யூ டபிள்யூ ஈயை விட்டு வந்திருந்த ரெஸ்லர் கோடி ரோட்ஸோடு சேர்ந்து இல்லினாய் மாநிலத்தில் 'ஆல் இன்' நிகழ்ச்சியை நடத்தினார்கள். 10,000 பேருக்கு மேல் வந்தார்கள். ஏ ஈ டபிள்யூ பிறக்க வழி போட்டது அந்த இரவு.

தப்பான ஆளை முன்மாதிரியாக எடுப்பது

"கோடி ரோட்ஸ் வேலையை விட்டுவிட்டு இண்டியில் சம்பாதிக்கவில்லையா? மேட் கார்டோனா சம்பாதிக்கவில்லையா?" என்று கேட்பவர்கள் நிறைய. சம்பாதித்தார்கள்தான். ஆனால் கோடி 2016இல் டபிள்யூ டபிள்யூ ஈயை விட்டு வெளியே வந்தபோது அங்கே கிட்டத்தட்ட பத்து வருடம் இருந்துவிட்டார். அவருடைய அப்பா டஸ்டி ரோட்ஸும் ரெஸ்லிங்கில் பெரிய பெயர். கார்டோனா 2020இல் நீக்கப்படும் முன் பல ஆண்டுகள் தொலைக்காட்சியில் வந்த முகம். ப்ரொமோட்டர் அவர்களுக்குக் கொடுக்கும் தொகை ஒரு மேட்சுக்கான கூலி அல்ல. அந்த முகத்தைப் போஸ்டரில் போட்டால் எத்தனை டிக்கெட் கூடுதலாக விற்கும் என்பதற்கான விலை. நேற்றுப் பயிற்சி முடித்தவர் அதே தொகையைக் கேட்டால் ப்ரொமோட்டர் சிரிப்பார், அதில் அவர் மேல் தப்பும் இல்லை.

இதற்கு நேர் எதிரான தவறு, காசே கேட்காமல் இருப்பது. முதல் சில மாதங்கள் ரிங் மாட்டவும் நாற்காலி போடவும் உதவி, சும்மா மேட்ச் ஆடிக் கற்றுக்கொள்வது இந்தத் தொழிலின் வழக்கம். அதுவே நாலாவது வருடமும் தொடர்ந்தால் அதற்குப் பெயர் கற்றல் அல்ல. தொகை எவ்வளவு, பெட்ரோல் காசு உண்டா, தங்க இடம் உண்டா, மேஜை போட அனுமதியா, கூட்டம் வராவிட்டாலும் காசு வருமா என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டு, பதிலை மெசேஜிலாவது எழுத்தில் வாங்கிவிட வேண்டும். நிகழ்ச்சி முடிந்து ப்ரொமோட்டரைத் தேடினால் அவருடைய கார் ஏற்கெனவே போயிருக்கும் கதைகள் இந்தத் தொழிலில் ஏராளம்.

வரியும் உடம்பும்

வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் இண்டி ரெஸ்லர் சுயதொழில் செய்பவர். வருட நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டாலே சுயதொழில் வரி உண்டு. விகிதம் 15.3 சதவீதம். வருமான வரி அதற்கு மேல் தனி. உறையில் பணமாக வாங்கினாலும் அது வருமானம்தான். மைல் கணக்கு, பூட்ஸ், உடை, பயணச் செலவு என்று ரசீதை எடுத்து வைப்பவருக்குக் கழிவு கிடைக்கும். ரசீதைத் தொலைப்பவர், கையில் நிற்காத காசுக்கும் வரி கட்டுவார்.

உடம்பு விஷயம் அவ்வளவு சுலபமில்லை. மேட்ச் முடிவு முன்பே தீர்மானமானது, சரி. ஆனால் விழுவது உண்மையான விழுதல். ரெஸ்லர்கள் 'பம்ப்' என்று சொல்லும் அந்த விழுதலைத் தாங்கும் ரிங் என்பது இரும்புச் சட்டம், பலகை, மேலே ஒரு மெல்லிய பஞ்சு, கான்வாஸ். முழங்கால் போனால் வேலையிட நஷ்டஈடு கிடையாது, ஏனென்றால் அவர் யாருக்கும் ஊழியர் இல்லை. 26 வயது வரை பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டில் இருக்கலாம் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. அந்த வயதைத் தாண்டியதும் தானே வாங்க வேண்டும். பல பேர் வாங்குவதில்லை. அறுவை சிகிச்சைக்கு இணையத்தில் ரசிகர்களிடம் நிதி கேட்கும் பக்கங்கள் அடிக்கடி தென்படுவதற்கு இதுவே காரணம்.

இதோடு சேர்ந்தது, எண்பது பேர் கூட்டத்துக்காக ஏணி உச்சியிலிருந்து குதிப்பது. ஒரு கைபேசிக் காணொளி பரவும் என்ற ஆசைதான். எனக்கு இதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். ஐம்பது டாலருக்கு எவ்வளவு உடம்பைக் கொடுப்பது என்று யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும். உடம்பைக் காத்து, முகபாவத்திலும் பேச்சிலும் கூட்டத்தைக் கட்டிப்போடுபவர் நாற்பது வயதிலும் மேட்ச் ஆடுகிறார்.

பகல் வேலையை விடும் நேரம்

இண்டியில் நிலைத்தவர்கள் பலருக்கு வருமானம் ஐந்தாறு வாய்க்கால்களில் வருகிறது: மேட்ச், மேஜை, பயிற்சி வகுப்பு, ரசிகர் மாநாடுகளில் கையெழுத்து, ரசிகர்கள் கட்டும் மாதச் சந்தா, பாட்காஸ்ட். 2009இல் டபிள்யூ டபிள்யூ ஈ நீக்கிய கோல்ட் கபானா, அடுத்த வருடமே ஒரு பாட்காஸ்ட் ஆரம்பித்து அதையே தன் கடைவாசல் ஆக்கிக்கொண்டார். இந்த வாய்க்கால்கள் ஓட ஆரம்பிக்கும் முன், ஒரு நல்ல மாதத்தைப் பார்த்துவிட்டு வேலையை விடுவது ஆபத்து. டபிள்யூ டபிள்யூ ஈயின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவை ஒட்டி மற்ற நிகழ்ச்சிகளும் குவியும் அந்த வாரத்தை வைத்து வருடத்தைக் கணிக்கக் கூடாது. ரெஸ்லிங் வருமானம் மட்டும் ஒரு வருடம் முழுக்க வாடகையையும் காப்பீட்டையும் தாங்கியதா, ஆறு மாதம் ரிங்கில் இறங்க முடியாமல் போனால் சாப்பாட்டுக்குச் சேமிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திங்கட்கிழமை கிடங்கிலோ வகுப்பறையிலோ வேலைக்குப் போகும் ரெஸ்லரை யாரும் குறைத்து எண்ண வேண்டியதில்லை.

"பெரிய நிறுவனத்தில் ஒப்பந்தம் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பதும் ஒரு தவறான கணக்குதான். பணம் பல மடங்கு கூடும், உண்மை. ஆனால் டபிள்யூ டபிள்யூ ஈயும் தன் ரெஸ்லர்களை ஊழியர் என்று ஏற்காமல் சுயதொழில் ஒப்பந்தக்காரர் என்றே வைத்திருக்கிறது. அங்கே சூட்டும் ரிங் பெயரும் பெரும்பாலும் நிறுவனத்துக்கே சொந்தம். கார்டோனா வெளியே வந்தபோது, இத்தனை வருடம் சம்பாதித்த 'ஸாக் ரைடர்' என்ற பெயரை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. 1986இல் அதே நிறுவனத்தில் இருந்த ரெஸ்லர் ஜெஸ்ஸி வென்ச்சுரா உடை மாற்றும் அறையில் தொழிற்சங்கம் பற்றிப் பேச்செடுத்தார். அது உருவாகவே இல்லை.