டைனிஎஸ்ஏ: ஃபர்ம்வேரை நாமே மாற்றி, ரிமோட் சிக்னலைப் பிரித்துப் பார்ப்பது

எனக்குத் தொழில் கேட் மோட்டார், ஷட்டர் ரிமோட் ரிப்பேர். பட்டறை மேசையில் இருப்பது டைனிஎஸ்ஏ அல்ட்ரா, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் என்று திரையில் வரையும் சின்ன ஸ்பெக்ட்ரம் அனலைசர். பெரிய கம்பெனி அனலைசர் வாங்க என் இரண்டு வருட லாபமும் பத்தாது. எரிக் காஸ்ஹூக் என்பவர் வடிவமைத்து, முதல் மாடல் 2020-இல் வெளிவந்த இந்தக் கைக்கருவியின் ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) முழுக்கத் திறந்த மூலம். அதனால் திருத்தி, கம்பைல் செய்து, திரும்ப ஏற்ற யாரிடமும் கை கட்டி நிற்க வேண்டாம்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த மாடல் என்று பாருங்கள். சின்னத் திரை பேசிக்கில் எஸ்டிஎம்32எஃப்072 சிப்; அல்ட்ராவில் எஸ்டிஎம்32எஃப்303. ஒன்றின் ஃபைல் மற்றதில் ஓடாது. நான் ஒரு ராத்திரி அவசரத்தில் பேசிக் ஃபைலை அல்ட்ராவில் ஏற்றிவிட்டேன். திரை இருண்டது, எனக்கு வியர்த்தது. ஆனால் இதில் கருவி செத்துப்போகாது. யூஎஸ்பி வழியாக ஃபர்ம்வேர் வாங்கும் பூட்லோடர் சிப்பின் உள் ரோமிலேயே (அழிக்க முடியாத நினைவகம்) இருக்கிறது. நாம் எழுதும் ஃப்ளாஷ் அதைத் தொடாது. ஜாக் சுவிட்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பவர் ஆன் செய்தால் திரை கறுப்பாகவே இருக்கும். அதுதான் டிஎஃப்யூ நிலை, புது ஃபர்ம்வேருக்காகக் கருவி காத்திருக்கும் நிலை. கறுப்பைப் பார்த்து பயந்து கேபிளைப் பிடுங்காதீர்கள்.

லினக்ஸில் மூலக்குறியை இறக்கும்போது சப்-மாட்யூல்களையும் சேர்த்து இறக்குங்கள். அடியில் ஓடும் சிபிஓஎஸ் என்ற குட்டி இயங்குதளம் அதற்குள்தான் வருகிறது, விட்டால் முதல் வரியிலேயே பிழை. ஏஆர்எம் ஜிசிசி கம்பைலர் போட்டு, மேக் கட்டளைக்கு டார்கெட்டாக எஃப்303 என்று கொடுங்கள் (பேசிக்குக்கு எஃப்072). பேசிக்கில் ஃப்ளாஷ் மொத்தமே 128 கிலோபைட், அதுவும் கிட்டத்தட்ட நிரம்பியிருக்கிறது. புது அம்சம் சேர்க்கும் ஆசை இருந்தால் அல்ட்ராவில் செய்யுங்கள்.

முதல் திருத்தம் சின்னதாக இருக்கட்டும். எஸ்ஏ-கோர் ஃபைலில் ரீசெட்-செட்டிங்ஸ் என்ற ஃபங்ஷன் இருக்கும். ஆன் செய்ததும் எந்த அதிர்வெண்ணிலிருந்து எதுவரை ஸ்வீப் செய்ய (வரிசையாக அளந்துகொண்டே போக) வேண்டும் என்பது அங்கேதான் எழுதியிருக்கிறது. நான் 433 முதல் 435 மெகாஹெர்ட்ஸ் என்று மாற்றினேன். ஸ்டார்ட்-அப் ப்ரீசெட் சேமித்தால் இதே வேலை நடக்குமே என்பீர்கள். நடக்கும். ஆனால் ஒரு வரி மாற்றி, ஏற்றி, திரையில் பார்த்தால்தான் உங்கள் கம்பைலர் சரியாக இருக்கிறதா என்று தெரியும். பழைய ப்ரீசெட் சேமித்திருந்தால் அதுதான் முந்திக்கொண்டு வரும், முதலில் அழியுங்கள். மேக்ஃபைலில் வெர்ஷன் பெயரோடு உங்கள் இனிஷியலையும் ஒட்டிவிடுங்கள். ஓடுவது உங்கள் பில்டா பழையதா என்ற குழப்பம் வராது.

ஏற்றுவது டிஎஃப்யூ-யூட்டில் என்ற கணினி நிரலை வைத்து, 08000000 என்ற ஹெக்ஸ் முகவரியில். முடிந்ததும் நேராக அளக்கப் போகாதீர்கள். கேல் சாக்கெட்டையும் ஆர்எஃப் சாக்கெட்டையும் கேபிளால் இணைத்து செல்ஃப் டெஸ்ட் ஓட்டி, பிறகு லெவல் கேலிபரேஷன் செய்யுங்கள்.

இன்னொன்று, இன்புட்டில் சில மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. 5 வாட் வாக்கி-டாக்கியின் ஆண்டெனா சாக்கெட்டை நேராகச் செருகினால் அதுவே கடைசி அளவீடு. ரிமோட்டுக்குக் கேபிளே வேண்டாம். கூட வரும் ஆண்டெனாவைப் போட்டு ஒரு மீட்டர் தள்ளி அமுக்கினால் போதும்.

சிக்னலுக்கு வருவோம். விலை குறைந்த ரிமோட்டில் பாதிப் பிரச்சினை அதிர்வெண்ணிலேயே தீரும். ரிசீவர் 433.92, கடையில் வாங்கிய புது ரிமோட் 315 மெகாஹெர்ட்ஸ். மேக்ஸ்-ஹோல்டு (ஒவ்வொரு புள்ளியிலும் வந்த உச்சத்தை அழிக்காமல் வைப்பது) போட்டு, 300 முதல் 450 வரை அகலமாக ஸ்வீப் செய்து, பட்டனை நாலைந்து விநாடி விடாமல் அமுக்குங்கள். ரிமோட் விட்டுவிட்டு அனுப்புவதால் ஒரே ஸ்வீப்பில் சிக்காது.

அதிர்வெண் சரி என்றால் ஜீரோ ஸ்பான். கருவி ஒரே அதிர்வெண்ணில் நின்று, நேரத்துக்கு எதிராக லெவலை வரையும். ட்ரிகரை நார்மலில் வையுங்கள். இவி1527 சிப் ரிமோட்டில் ஒரு பிட்டுக்கு நான்கு பங்கு நேரம்: மூன்று பங்கு உயரம், ஒரு பங்கு தாழ்வு என்றால் 1, தலைகீழானால் 0. முன்னால் ஒரு பங்கு உயரமும் 31 பங்கு தாழ்வுமாக ஒத்திசைவு, பின்னால் 24 பிட். மொத்தம் 128 பங்கு. ஒரு பங்கு 350 மைக்ரோசெகண்ட் என்றால் சுமார் 45 மில்லிசெகண்ட். அல்ட்ரா திரையில் 450 புள்ளி, 45 மில்லிசெகண்ட் ஸ்வீப்பில் புள்ளிக்கு 0.1 மில்லிசெகண்ட், குறுகிய பல்ஸுக்கு மூன்று புள்ளி கிடைக்கும். பேசிக்கின் 290 புள்ளியில் இரண்டுதான் தேறும், அங்கே ஃபிரேமைப் பாதி பாதியாகப் பாருங்கள். ஆர்பிடபிள்யூவை (ஒரே நேரத்தில் உள்ளே விடும் ஃபில்டரின் அகலம்) அகலமாக வையுங்கள், குறுக்கினால் பல்ஸின் ஓரம் மழுங்கும்.

0, 1 இரண்டையும் இரு வேறு அதிர்வெண்ணில் அனுப்பும் எஃப்எஸ்கே ரிமோட்டை ஜீரோ ஸ்பானில் பார்த்தால் நேர்கோடுதான் வரும், ஏனென்றால் அதன் வீச்சு மாறுவதில்லை. ஸ்வீப்பில் இரண்டு மேடு தெரிகிறதா பாருங்கள். மேடுகளுக்கு இடையே 50 கிலோஹெர்ட்ஸ் என்றால் டீவியேஷன் (நடுவிலிருந்து விலகல்) 25. இப்போது ஒரு தந்திரம்: நடு அதிர்வெண்ணை ஒரு மேட்டின் உச்சியில் வைத்து, ஆர்பிடபிள்யூவை 10 கிலோஹெர்ட்ஸ் ஆக்கி ஜீரோ ஸ்பானுக்குப் போங்கள். ஒரு டோன் உள்ளே வரும், மற்றது ஃபில்டரில் அடிபடும். நேர்கோடு பல்ஸாகிவிடும்! விநாடிக்கு 2400 பிட் போன்ற மெதுவான சிக்னலுக்கு இது அருமையாக வேலை செய்கிறது.

லோரா, அதாவது குறைந்த பவரில் நெடுந்தூரம் போகும் ரேடியோ முறை, வேறு ரகம். இந்தியாவில் 865.0625, 865.4025, 865.985 மெகாஹெர்ட்ஸ் ஆகியவை அதன் அடிப்படைச் சானல்கள். 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் அதிர்வெண் ஓடிக்கொண்டே இருப்பதால் ஒரு ஸ்வீப்பில் உடைந்த சீப்பு மாதிரி பற்கள் தெரியும். மேக்ஸ்-ஹோல்டில் கொஞ்ச நேரம் விட்டால் தட்டையான பெட்டியாக நிரம்பும். இப்படி அகலமான சிக்னலில் மார்க்கர் காட்டும் லெவல் மொத்த பவர் அல்ல. 10 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇ (4ஜி மொபைல்) சிக்னல் 9 மெகாஹெர்ட்ஸை நிரப்பும். ஆர்பிடபிள்யூ 30 கிலோஹெர்ட்ஸ் என்றால் 300 மடங்கு, அதாவது ஏறக்குறைய 25 டெசிபல் கூட்டிக்கொள்ள வேண்டும். சானல் பவர் அளவீடு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

ஃபேஸிலும் (அலையின் கட்டம்) வீச்சிலும் பிட்டுகளை அடைக்கும் க்யூபிஎஸ்கே, க்யூஏஎம் சிக்னல்களின் கான்ஸ்டலேஷன் புள்ளிகளை இதில் வரவழைக்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். எந்த ஃபர்ம்வேர் போட்டாலும் வராது. இந்தக் கருவி லெவலை மட்டும் படிக்கிறது, ஃபேஸைத் தூக்கி எறிந்துவிடுகிறது. அந்த வேலைக்கு ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற யூஎஸ்பி ரேடியோ ரிசீவர் டாங்கிளும் குனு ரேடியோ என்ற மென்பொருளும் வேண்டும். விநாடிக்கு 2.4 மில்லியன் சாம்பிள், 8 பிட். குறுகிய சிக்னலுக்குப் போதும். க்ளாக் மீட்பும் (பிட் நேரத்தைப் பிடிப்பது) காஸ்டாஸ் லூப்பும் (அதிர்வெண் விலகலைச் சரிசெய்வது) போடாமல் பார்த்தால் நான்கு புள்ளிக்குப் பதில் வளையம் சுற்றும். இரண்டு பக்கக் கிரிஸ்டலும் கொஞ்சம் விலகியிருப்பதுதான் காரணம், சிக்னல் கெட்டுவிட்டதாக நினைக்காதீர்கள்.

கடைசியாக, ஒரே பட்டனை இரண்டு முறை அமுக்கி ஜீரோ ஸ்பான் படங்களை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நிலையான கோட், நகல் ரிமோட் போட்டுக் கொடுக்கலாம். எச்சிஎஸ்301 போன்ற சிப் என்றால் 66 பிட்டில் 32 பிட் ஒவ்வொரு அமுக்கலுக்கும் மாறியிருக்கும். அப்போது வாடிக்கையாளரிடம் ரிசீவரின் லேர்ன் பட்டன் எங்கே என்று கேட்டு, புது ரிமோட்டை அங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.