டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்குத் தமிழ் வாசிக்கக் கற்பிப்பது எப்படி?

டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிரமம் கண்ணின் கோளாறும் அன்று, அறிவின் குறையும் அன்று. பேச்சில் கலந்து ஓடும் ஒலிகளைத் தனித்தனியே பிரித்துணர்வதிலும், அவற்றை எழுத்தோடு தங்குதடையின்றி இணைப்பதிலும் ஏற்படும் சிரமமே பெரும்பாலான குழந்தைகளிடம் அதற்கு அடிப்படையாக உள்ளது. எனவே பார்வையையும் செவித்திறனையும் ஒருமுறை பரிசோதித்த பின், பயிற்சியைக் காதிலிருந்து தொடங்க வேண்டும். வண்ணக் கண்ணாடி அணிவிப்பதாலோ, ஒரே பாடத்தை நூறு முறை எழுத வைப்பதாலோ வாசிப்பு வந்துவிடாது.

முதல் சில நாள்கள் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். ‘மரம்’ என்று சொல்லி, ம – ர – ம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தானை நகர்த்தச் சொல்லுங்கள். பிறகு, முதலில் உள்ள ‘ம’வை எடுத்துவிட்டு ‘வ’ வைத்தால் என்ன சொல் வரும் என்று கேளுங்கள். ‘வரம்’ என்ற விடை தயக்கமின்றி வந்தால் கரம், சிரம் என்று தொடரலாம். குறில் நெடிலையும் இப்படியே பழக்க வேண்டும்: கல்–கால், பல்–பால், மலை–மாலை ஆகிய இணைகளைச் சொல்லி, நெடில் கேட்கும்போது மட்டும் கையை நீட்டச் சொன்னால், மாத்திரை வேறுபாடு இலக்கணப் பெயர் இல்லாமலேயே விளங்கிவிடும்.

அடுத்தது எழுத்து. 247 எழுத்துகளின் அட்டவணையை அப்படியே ஒப்பிக்க வைப்பது இக்குழந்தைக்குத் தாங்க முடியாத சுமை. உண்மையில் கற்க வேண்டியவை 12 உயிரும் 18 மெய்யும் ஆய்தமும், உயிர்மெய்யில் வரும் குறிகளும்தான். 216 உயிர்மெய்களில் பெரும்பாலானவை அவற்றைக் கொண்டே அமைந்துவிடும். கு, சு, து என எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும் உகர, ஊகார வரிசைகளை மட்டும் கடைசியில் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். ப, ய போல வடிவத்தில் நெருங்கியவற்றையும், ல, ள, ழ போல ஒலியில் நெருங்கியவற்றையும் ஒரே வாரத்தில் கொடுக்கக் கூடாது. எழுத்தைப் பார்ப்பது, ஒலியை வாய்விட்டுச் சொல்வது, விரலால் மணலில் எழுதுவது ஆகிய மூன்றும் ஒருசேர நிகழட்டும். 1930களில் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் கல்வியாளர் அன்னா கில்லிங்ஹாமும் முன்வைத்த அணுகுமுறையின் சாரம் இதுவே.

தமிழில் தனிக் கவனம் கோருவது கொம்பு. ‘கெ’யில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’வில் ஒரே உயிரொலி, முன்னே கொம்பாகவும் பின்னே துணைக்காலாகவும் பிரிந்து நிற்கிறது, குழந்தை ‘கெ’ என்று படித்துவிட்டு, துணைக்காலைக் கண்டு திகைப்பது இதனால்தான். அதைக் கவனக்குறைவு என்று கண்டிப்பது பெரும் அநியாயம். கொம்பு, க, கால் ஆகியவற்றைத் தனித்தனி அட்டைகளில் எழுதி, கொம்புக்கும் காலுக்கும் ஒரே நிறம் கொடுங்கள். முதலில் ‘க்’ என்று மெய்யைச் சொல்லி, பின்னர் ஒரே நிறமுள்ள அந்த இரண்டு அட்டைகளையும் சேர்த்துத் தொட்டு ‘ஒ’ என்று சொல்லி, இறுதியில் இரண்டையும் கூட்டிக் ‘கொ’ என்று சொல்லப் பழக்குங்கள். நடு அட்டையை மட்டும் மாற்றினால் பொ, மொ, தொ எல்லாம் கிடைத்துவிடும்.

நீண்ட சொற்களை வந்து / கொண்டிருந்தார் / கள் என்பதுபோலப் பென்சிலால் கோடிட்டுப் பிரித்துக் கொடுக்கலாம்.

நாள்தோறும் 15 முதல் 20 நிமிடங்கள் போதும். பழையதை முதலில் திருப்பிப் பார்த்த பிறகே புதியதைத் தொடங்க வேண்டும். தவறு நேர்ந்தால் சற்றுப் பொறுத்து, எழுத்தைச் சுட்டி, ‘இதன் ஒலி என்ன?’ என்று கேளுங்கள். படத்தைப் பார்த்து ஊகிக்கும் பழக்கம் வேண்டாம். அப்போதும் வராவிட்டால் சொல்லை நீங்களே சொல்லிவிட்டு, வாக்கியத்தை மீண்டும் படிக்கச் செய்யுங்கள். இதற்கு அப்பால், குழந்தையின் வயதுக்கும் ஆர்வத்துக்கும் ஏற்ற கதைகளை நீங்களே தினமும் படித்துக் காட்டுங்கள். வாசிப்பு தாமதமாவதால் சொல்வளமும் சிந்தனையும் காத்துக்கிடக்கக் கூடாது.

வகுப்பில் திடீரென எழுப்பி உரக்கப் படிக்க வைக்க வேண்டாம் என்றும், தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும் என்றும் ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள். சில மாதங்கள் முறையாகப் பயிற்சி அளித்தும் முன்னேற்றம் தெரியவில்லை என்றால், வளர வளரச் சரியாகிவிடும் என்று காத்திராமல் சிறப்பாசிரியரையோ உளவியலாளரையோ அணுகுங்கள். எந்தெந்த எழுத்தில், எந்தெந்த ஒலியில் குழந்தை தடுமாறுகிறது என்று தேதியிட்டுக் குறித்த நோட்டை அப்போது கொண்டு சென்றால், அவர்கள் தொடங்க வேண்டிய இடத்தை அதுவே காட்டிவிடும்.