பிறனிடத்தில் போல உன்னிடத்திலும்

ஒரு சனிக்கிழமை ராத்திரி. மறுநாள் சண்டே ஸ்கூலுக்கான வினாத்தாள் நாற்பதையும் அச்செடுத்து அடுக்கிய பிறகுதான் பார்த்தேன், மனப்பாட வசனத்தின் அதிகார எண்ணைத் தப்பாகப் போட்டிருக்கிறேன். நாற்பதிலும். "முண்டம்! ஒரு வேலையாவது உருப்படியாப் பண்ணியிருக்கியா நீ?" என்று வாய்விட்டே கத்திவிட்டேன். சின்ன மகள் எட்டிப் பார்த்தாள்.

"போன்ல யாரும்மா? யாரை இப்படித் திட்டுற?"

"யாரையும் இல்லடி. என்னைத்தான்."

கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "நாங்க தப்பு பண்ணா இப்படியெல்லாம் சொல்ல மாட்டியே" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். நான் நாற்பது தாளிலும் பேனாவால் எண்ணைத் திருத்தினேன். பன்னிரண்டு நிமிஷம் ஆனது. அந்தப் பன்னிரண்டு நிமிஷ வேலைக்குத்தான் அத்தனை வசவு.

"உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோலப் பிறனிடத்திலும் அன்புகூருவாயாக" என்று 11 வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடத்தில் நான் நடந்துகொள்கிறபடி பிறனிடத்தில் நடந்திருந்தால் என் வகுப்புக்கு ஒரு பிள்ளை வந்திருக்காது. ஆபீஸ், வீடு, படுக்கையில் இருக்கும் மாமியார், சபை வேலை என்று நாலு பக்கமும் இழுபடுகிற என்னைப் போன்றவர்களுக்காக, அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்டவற்றை எழுதுகிறேன்.

முதலில் ஒரு வார்த்தைச் சிக்கலை அவிழ்க்க வேண்டும்

இதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் உள்ளே ஒரு குற்ற உணர்வு உறுத்திக்கொண்டே இருக்கும். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் மத்தேயு 16:24 "தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை எடுத்துக்கொண்டு" என்று இருக்கிறது. சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தன்னை வெறுப்பதே பக்தி என்று படிந்துபோயிருக்கும். எனக்குப் படிந்திருந்தது. ஆனால் கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பது, பேதுரு மூன்று தரம் செய்தானே, அதே வினைச்சொல்: மறுதலிப்பது. மத்தேயு 26:75இல் அதை 'மறுதலிப்பாய்' என்றே தமிழாக்கியிருக்கிறார்கள். கத்தோலிக்கர்கள் வாசிக்கும் 1995 பொது மொழிபெயர்ப்பில் மத்தேயு 16:24 "தன்னலம் துறந்து" என்று வரும். என் இஷ்டம்தான் நடக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விடச் சொல்கிறார் இயேசு; என்னை முண்டம் என்று திட்டச் சொல்லவில்லை.

லூக்கா 14:26 என்னாவது என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அங்கே தன் ஜீவனை மட்டுமா வெறுக்கச் சொல்லியிருக்கிறது? தகப்பனையும் தாயையும்கூட. அதை வாசித்துவிட்டு யாரும் அம்மாவிடம் முகம் திருப்பிக்கொண்டு போவதில்லை. இயேசுவைவிட அதிகமாய் நேசிக்கக் கூடாது என்று அதற்கு விளக்கம்போல மத்தேயு 10:37 இருக்கிறது. அம்மாவுக்குக் கொடுக்கிற அந்தச் சலுகையை உங்களுக்கும் கொடுங்கள்.

பவுல் கண்டிக்கிற 'தற்பிரியர்' வேறு ஆள். 2 தீமோத்தேயு 3:2இல் பணப்பிரியர், வீம்புக்காரர், அகந்தையுள்ளவர்கள் என்று அவருடைய கூட்டாளிகள் பட்டியலே இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்குத் துணி மடித்துக்கொண்டிருக்கிறவள் அந்தப் பட்டியலில் இல்லை.

ஒரு வாரம், ஒரு சின்ன நோட்டு

உங்களை நீங்களே என்ன சொல்லிக்கொள்கிறீர்கள் என்று ஏழு நாள் எழுதுங்கள். அழகுபடுத்தாமல், வந்த வார்த்தையிலேயே. என் நோட்டில் செவ்வாய்க்கிழமை மட்டும் ஒன்பது வரி. "இதுகூடத் தெரியல." "நீயெல்லாம் ஒரு அம்மா." "இவ்வளவு வயசாகியும் ஜெபத்துல தூங்குற." வார முடிவில் ஒவ்வொரு வரியையும் எடுத்து, சபையில் உங்களுக்குப் பிடித்த ஒரு தங்கையின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வீர்களா என்று கேளுங்கள். சொல்ல மாட்டீர்கள் என்றால் அடித்துவிட்டு, அவளுக்கு என்ன சொல்வீர்களோ அதைப் பக்கத்தில் எழுதுங்கள். "நாள் முழுக்க நின்னிருக்க, தூக்கம் வரத்தானே செய்யும்" என்று நான் எழுதியது அப்படித்தான்.

எல்லா வரியையும் அடித்துவிடக் கூடாது. சிலது உண்மையான உணர்த்துதல். வித்தியாசம் எப்படித் தெரியும்? ஆவியானவர் உணர்த்தும்போது ஒரு காரியத்தைத் தொட்டுக் காட்டுவார்: "காலையில் மாமியாரிடம் எரிந்து விழுந்தாய்." போய் மன்னிப்புக் கேட்கலாம், முடிந்துவிடும். ஆக்கினைத்தீர்ப்பு அப்படியில்லை. அது ஆளையே பிடித்துக்கொள்ளும்: "நீ எப்பவுமே இப்படித்தான்." அதை வைத்துக்கொண்டு செய்வதற்கு எதுவுமே இருக்காது. கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை என்கிற ரோமர் 8:1 இந்த இரண்டாவது குரலுக்குத்தான் பதில். முதல் குரல் வந்தால் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள், சரிசெய்ய வேண்டியதைச் செய்யுங்கள், எழுந்துவிடுங்கள். அதே பாவத்தைப் பத்தாவது தரம் அறிக்கையிட்டுக்கொண்டிருப்பது தாழ்மை என்று எனக்குத் தோன்றவில்லை. மன்னிப்பு கிடைத்ததை நம்பவில்லை என்றுதான் அர்த்தம்.

கண்ணாடியில் வசனம் ஒட்டுவது சிலருக்கு உதவும். எனக்கு மூன்றாம் நாளே கண்ணில் படாமல் போய்விட்டது.

உடம்புக்குச் செய்ய வேண்டியதை ஆத்துமாவிடம் கேட்காதீர்கள்

1 இராஜாக்கள் 19ஐ அவசரமில்லாமல் வாசித்துப் பாருங்கள். எலியா சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். தேவதூதன் வந்து உபதேசம் செய்தானா? விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்டானா? தட்டி எழுப்பி, சாப்பிடச் சொன்னான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், மறுபடியும் படுத்துக்கொண்டார். இரண்டாம் தரமும் எழுப்பி அதையேதான் சொன்னான். காரணமும் சொன்னான், போகவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்று. "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான் வருகிறது.

இதிலிருந்து எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். ராத்திரி பத்து மணிக்குமேல் என் வாழ்க்கையைப் பற்றி எந்தத் தீர்ப்பும் எழுதுவதில்லை. நல்ல அம்மாவா, நல்ல விசுவாசியா என்ற கேள்வி வந்தால், "காலையில் சாப்பிட்டுவிட்டுப் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுகிறேன். பெரும்பாலும் காலையில் அந்தக் கேள்வி வருவதே இல்லை. படகு முங்குகிற நேரத்தில் ஆண்டவரே தலையணை வைத்துத் தூங்கினார், மாற்கு 4:38. நாம் தூங்கினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

'ஜெபிச்சுட்டுச் சொல்றேன்' என்பதை நிறுத்துங்கள்

நம்மவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும். பெண்கள் கூட்டத்துக்குப் பொறுப்பு எடுக்கச் சொல்கிறார்கள், முடியாது என்று அப்போதே தெரியும், ஆனாலும் "ஜெபிச்சுட்டுச் சொல்றேன் அக்கா" என்கிறோம். ஜெபிப்பதும் இல்லை. அவர்கள் அடுத்த வாரம் கேட்கும்போது வெட்கப்பட்டு ஒத்துக்கொள்கிறோம், அப்புறம் ஒரு மாதம் உள்ளுக்குள் புலம்புகிறோம். இல்லதை இல்லதென்று சொல்லச் சொன்னவரும் இயேசுதானே. என் வாசகம் இது: "இந்த மாசம் என்னால முடியாது அக்கா. என்னை நினைச்சுக் கேட்டதுக்கு நன்றி." இதோடு நிறுத்த வேண்டும். காரணம் சொல்ல ஆரம்பித்தால் ஒவ்வொரு காரணத்துக்கும் அவர்களிடம் ஒரு தீர்வு இருக்கும்.

வீட்டிலும் இதே கதைதான். மோசே ஒருவரே ஜனங்களின் வழக்கையெல்லாம் விசாரிப்பதை அவருடைய மாமனார் நாள் முழுவதும் கூட நின்று பார்த்துவிட்டுத்தான் "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்றார், நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்றார். கூட இருக்கிறவர்களும் தொய்ந்துபோவார்கள் என்பதைக் கவனியுங்கள். மாமியாருக்கு மாத்திரை கொடுக்கும் வேலையைப் பெரிய மகனிடம் கொடுத்தேன். முதல் வாரம் இரண்டு தரம் நேரம் தவறினான், எனக்குக் கை பரபரத்தது. இப்போது அவன்தான் எனக்கு நேரம் நினைவுபடுத்துகிறான்.

இவ்வளவும் செய்தும் விடியவில்லை என்றால்

வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வருகிறது என்றால் நோட்டு போதாது, டாக்டரைப் பாருங்கள். தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குப் பவுல் கொஞ்சம் திராட்சரசத்தை மருந்துபோல எடுத்துக்கொள்ளச் சொன்னது 1 தீமோத்தேயு 5:23இல் இருக்கிறது; விசுவாசக் குறைவு என்று கடிந்துகொள்ளவில்லை. பட்டயத்தை உருவிய சிறைச்சாலைக்காரனுக்கு அவர் போட்ட சத்தமும் என் மனதில் நிற்கும்: "நீ உனக்குக் கெடுதி ஒன்றுஞ் செய்துகொள்ளாதே, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்." அப்படிப்பட்ட எண்ணம் வந்தால் அந்த நிமிஷமே பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்லிவிடுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

சொல்வதற்கு இடம் வேண்டும். ஆராதனை முடிந்ததும் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார்கள், நம் வாய் தானாக "கர்த்தருடைய கிருபையில நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிடும். எல்லாரிடமும் மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வாயை மூடி வைத்துக்கொள்ளத் தெரிந்த ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். நான் தேர்ந்தெடுத்தது, எனக்குப் பின்வரிசையில் உட்காரும் ஒரு வயதான அக்காவை. அவர் வழக்கம்போலக் கேட்டார். "இல்லக்கா, இந்த வாரம் நல்லா இல்லை" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெஞ்சில் வைத்திருந்த பையையும் வேதாகமத்தையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.