கச்சான் காற்றுக்கு உதவும் சட்டை புழுக்கத்துக்கு உதவாது

ஒரு சித்திரை மாதம் எங்கள் வீட்டு லாப்ரடோருக்கு இணையத்தில் ஒரு குளிர்ச்சிச் சட்டை வாங்கினேன். நனைத்துப் பிழிந்து போட்டுவிட்டால் போதும் என்று படத்தோடு விளக்கியிருந்தார்கள். போட்டுவிட்டேன். அரை மணித்தியாலத்தில் நாய்க்கு முன்னையவிட மோசமாக மூச்சிரைத்தது. காசு வீண் என்று சட்டையைக் கழற்றி அலுமாரிக்கு மேல் எறிந்தேன். ஆடி மாதம் கச்சான் எனும் காய்ந்த காற்று அடித்தபோது சும்மா ஒருமுறை போட்டுப் பார்த்தால், அதே சட்டை அருமையாக வேலை செய்தது. காற்றைப் பார்க்காமல் வாங்கியதுதான் நான் விட்ட பிழை. திருகோணமலையில் நாய் வளர்க்கும் பலர் விடுவதும் இதைத்தான்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதங்களில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்து, வாயிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது சூட்டை வெளியே தள்ளுகிறது. நனைத்துப் போடும் சட்டையும் அதே வேலையைத்தான் தோலுக்கு மேலே செய்கிறது. ஆக, காற்றில் ஈரம் கூடினால் நாக்கும் தோற்கும், சட்டையும் தோற்கும்.

நம் ஊரில் வெக்கை இரண்டு வகை. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மலைநாட்டில் மழையாகக் கொட்டிவிட்டு நம் பக்கம் இறங்கும்போது காய்ந்த சூட்டுக் காற்றாக வரும். அதுதான் கச்சான். சித்திரையில் சூரியன் தலைக்கு நேரே நிற்கும், இலை அசையாது, உடம்பு பிசுபிசுக்கும். அது புழுக்கம். இரண்டையும் பிரித்தறியக் கருவி ஒன்றும் வேண்டாம். நிழலில் கொடியில் போட்ட ஈரத் துவாய் விறுவிறென்று காய்கிறதா? நனைக்கும் சட்டையைப் போடலாம். மதியம் போட்டது பின்னேரம் வரை ஈரமாகவே கிடக்கிறதா? அன்றைக்கு அந்தச் சட்டை நாய்க்குப் போர்வைதான்.

காய்கிற நாளிலும் ஒரு சிக்கல் உண்டு. கச்சானில் சட்டை சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்த சட்டை சூட்டை உள்ளே பிடித்து வைக்கும். அடிக்கடி தொட்டுப் பார்த்து மறுபடி நனைக்க ஆள் இல்லையென்றால் போடாமல் விடுவது நல்லது. கதவு சன்னலை மூடிய அறைக்குள் போட்டுவிடுவதும் பிழை. சட்டையிலிருந்து போகும் ஈரம் அறையிலேயே தங்கிப் புழுக்கத்தைக் கூட்டும். ஈரத் துவாயை நாயின் முதுகில் போர்த்தி அப்படியே விடுவதும் இதே கதைதான்.

புழுக்கத்துக்கு வேறு வகைச் சட்டை இருக்கிறது. மெழுகு போன்ற ஒரு பொருளை உறைகளில் அடைத்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தோ ஐஸ் தண்ணீரில் போட்டோ உறைய வைப்பார்கள். அது உருகும்போது நாயின் சூட்டை உறிஞ்சும். காற்றின் ஈரத்தைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. ஆனால் பாரம், விலையும் கூட. நம் வெயிலில் ஒன்றிரண்டு மணித்தியாலம் தாங்கினால் பெரிய விஷயம்.

எதை வாங்கினாலும் நாயின் நிறையை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை நாடாவால் அளந்து கொடுங்கள். தொளதொளவென்று தொங்கினால் குளிர்ச்சி தோலுக்குப் போகாது. இறுக்கினால் மூச்சிரைக்கக் கஷ்டப்படும்.

உள்ளே குளிர்ச்சிக் கூழ் அடைத்த ஜெல் பாயைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பில்லை. நாய் படுத்ததும் சூட்டை வாங்கிக்கொள்ளும். பிறகு பாயே சூடாகிவிடும், ஆறவிட்டுத்தான் மறுபடி பயன்படுத்த வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே அது எங்கே ஆறப்போகிறது? அதற்குச் சீமெந்துத் தரையே மேல். கடித்துக் குதறும் குட்டி உள்ள வீட்டில் ஜெல் பாய் வேண்டவே வேண்டாம். ஐஸ் பொதிகளிலும் கவனம் தேவை. சிலவற்றில் எத்திலீன் கிளைக்கோல் இருக்கும். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் பழுதாகும். கட்டாயம் வேண்டுமென்றால் சோடாப் போத்தலில் தண்ணீர் நிரப்பி உறையவைத்து, துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள்.

மின்விசிறி நமக்குத் தரும் சுகத்தை நாய்க்குத் தராது, அதற்கு வியர்வை இல்லையே. வயிற்றையும் தொடை இடுக்கையும் நனைத்துவிட்டு விசிறியைப் போட்டால் கதையே வேறு. செலவும் இல்லை.

இன்னொன்று, வாயை இறுக்கி மூடும் துணி முகமூடி. வெயிலில் அதைப் போடுவது நாயின் ஒரே குளிரூட்டியை அடைப்பது மாதிரி. கடிக்கும் நாய் என்றால் வாயைத் திறந்து மூச்சிரைக்க இடம்விடும் கூடை வகையை வாங்குங்கள். பக், புல்டோக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சிரைப்பதே பாதிப் பலன்தான். எந்தச் சட்டையை நம்பியும் அவற்றைப் பகலில் வெளியே கொண்டுபோக வேண்டாம். பொமேரியனுக்கும் ஜேர்மன் ஷெப்பர்ட்டுக்கும் மொட்டை அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அவற்றின் இரண்டு அடுக்கு மயிர் வெயில் தோலில் படாமல் தடுக்கிறது. சீவி உதிர்மயிரை எடுத்தால் போதும்.

பாதம் சுடாமல் இருக்க நாய்க்குச் சப்பாத்து வாங்குவதைவிட, நடத்தும் நேரத்தை மாற்றுவது மலிவு. புறங்கையைத் தார் வீதியில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லையா, நாயும் நடக்கக் கூடாது. டச்சுக் குடாக் கடற்கரைப் பக்கம் நடத்துவதென்றால் விடியற்காலையில் போங்கள், குடிக்கத் தண்ணீரும் கொண்டு போங்கள். தாகத்தில் கடல் தண்ணீரைக் குடித்தால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும், அதிகமானால் உயிருக்கே ஆபத்து.

நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உறுப்புகள் பழுதாகத் தொடங்கும். தள்ளாடுவது, எச்சில் கோழையாக வழிவது, பல் முரசு கடும் சிவப்பாவது, வாந்தி, இவற்றில் எது தெரிந்தாலும் முதலில் சட்டையைக் கழற்றுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுப்பதை வேறொருவர் செய்யட்டும். முச்சக்கர வண்டி வரும்வரை நீங்கள் ஊற்றுவதை நிறுத்த வேண்டாம்.